உட்கார்ந்து ஆடும் ஆட்டமும் இடுப்பின் அளவும்

போன தீபாவளிக்கு அக்கா மகனை டெய்லர் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். டெய்லர் இடுப்பில் நாடாவைச் சுற்றிப் பார்த்தார், பழைய நோட்டைப் புரட்டினார், மறுபடியும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "தம்பி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி முப்பது. இப்ப முப்பத்திரண்டரை" என்றார். பையனுக்கு வயது 24. "வெயிட் ரெண்டு கிலோகூட ஏறலையே மாமா" என்று என்னைப் பார்த்தான். அவன் சொன்னது பொய்யில்லை. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு மொபைலில் பிஜிஎம்ஐ என்கிற சண்டை கேம். முடிய ஒரு மணி ஆகும், சில நாள் இரண்டு மணியும் ஆகும். வீட்டில் எப்போதோ தீர்ப்புச் சொல்லியாயிற்று: எல்லாம் அந்த கேமால் வந்த வினை.

நானும் சனிக்கிழமை இரவுகளில் கன்சோலில் கால்பந்து ஆடுகிறவன். அந்தத் தீர்ப்பு எனக்கும் சேர்த்துச் சொன்னதுதான். அதனால் இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உட்கார்ந்து ஆடும் ஆட்டம் உடம்பைப் பெருக்குமா? ஆட்டத்தை விடாமலே இடுப்பையும் இதயத்தையும் காத்துக்கொள்ள வழி உண்டா? படித்த வரையில் எனக்குத் தெளிந்தது இதுதான். ஆட்டத்தைவிட, ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவையே உடம்பைக் கெடுக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்காத வரை நாம் கொடுக்கும் அறிவுரை எதுவும் பிள்ளைகளின் காதில் ஏறப்போவதில்லை.

உட்கார்ந்திருப்பதன் கேட்டை எண்களால் முதலில் காட்டியவர் பிரிட்டனின் ஜெரி மாரிஸ். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். இரண்டு பேருக்கும் ஒரே டெப்போ, ஏறக்குறைய ஒரே சம்பளம், ஒரே தெருக்கள். ஆனால் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. 1953-இல் லான்செட் இதழில் இது வெளியானபோது உடற்பயிற்சி என்பது மருத்துவத்தின் விஷயமாகப் பெரிதாகக் கருதப்படவில்லை.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. 1956-இல் அதே குழுவினர் பேருந்து ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வித்தியாசம் இளம் வயது ஓட்டுநர்களிடம்கூடத் தெரிந்தது. உட்கார்ந்ததால் இடுப்பு பெருத்ததா, கொஞ்சம் பருத்த உடம்புக்காரர்களே ஓட்டுநர் வேலையை நாடிப் போனார்களா? தங்கள் முடிவைத் தாங்களே கேள்வி கேட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எழுபது ஆண்டு கழித்து வீடியோ கேம் ஆய்வுகளும் இதே முடிச்சில்தான் வந்து நிற்கின்றன. கேம் ஆடுவதால் உடம்பு பெருக்கிறதா, வெளியே போய் ஆடக் கூச்சப்படும் பிள்ளை கேமுக்குள் அடைக்கலம் தேடுகிறதா?

இருக்கிற ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் மார்க்கர், க்னாம்ஸ், ஆப்பெல் மூவரும். 20 ஆய்வுகள், 38,097 பேர். கேம் ஆடும் நேரத்துக்கும் உடல் எடைக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் மிகச் சிறியது. ஆளுக்கு ஆள் எடை வேறுபடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட கேம் நேரத்தால் விளங்கவில்லை. சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும் தெளிவான தொடர்பே கிடைக்கவில்லை. பெரியவர்களிடம்தான் லேசாகத் தெரிந்தது. அந்தத் தொடர்பின் ஒரு சிறு பகுதி, கேம் நேரம் ஏற ஏற உடலுழைப்பு நேரம் குறைந்ததால் வந்ததாக இருக்கலாம். சோபாவில் சாய்ந்து சிப்ஸ் கொறிக்கும் பருத்த கேமர் என்று சினிமாவும் விளம்பரமும் வரைந்து வைத்திருக்கும் படம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை. அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் கவலைக்கு இடமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சராசரி என்பது எல்லாரையும் கலந்து கட்டிய எண். கேமோடு சேர்த்து எதை இழக்கிறோம், எதைத் தின்கிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

தின்பதிலிருந்து தொடங்குகிறேன். இதில்தான் எனக்கு மிகவும் வியப்பு. ஷாப்புவும் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்ட சோதனையில் சாதாரண எடையுள்ள 22 பதின்வயதுப் பையன்கள். ஒரு நாள் ஒரு மணி நேரம் கால்பந்து வீடியோ கேம். இன்னொரு நாள் அதே ஒரு மணி நேரம் நாற்காலியில் சும்மா ஓய்வு. பிறகு இஷ்டத்துக்குச் சாப்பிடலாம். சும்மா இருந்ததைவிட கேம் ஆடியதில் 21 கலோரி கூடுதலாகச் செலவாகியிருந்தது. ஆனால் ஆட்டம் முடிந்து உட்கார்ந்த சாப்பாட்டில் 80 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. நாள் முழுவதையும் கணக்கிட்டபோது மிச்சம் 163 கலோரி. பசி கூடியதா என்று கேட்டால், இல்லை. பையன்கள் பசி இல்லாமலே அதிகம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இன்னொரு சோதனை. 44 பேருக்கு மதியச் சாப்பாடு. பாதிப் பேர் கம்ப்யூட்டரில் சொலிட்டேர் சீட்டாட்டம் ஆடிக்கொண்டே சாப்பிட்டார்கள், மற்றவர்கள் சாப்பாட்டை மட்டும் கவனித்தார்கள். அரை மணி கழித்து பிஸ்கட் தட்டு வந்தபோது, ஆடிக்கொண்டே சாப்பிட்டவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதும் அவர்களுக்குச் சரியாக நினைவில்லை, வயிறு நிறைந்த உணர்வும் குறைவு. எவ்வளவு சாப்பிட்டோம் என்ற நினைவும் வயிற்றின் அளவுகோல்களில் ஒன்று. கண் வேறெங்கோ இருந்தால் அந்த நினைவு பதிவதே இல்லை. சாப்பிடும்போது சாப்பாட்டைப் பார் என்று அம்மாக்கள் அதட்டுவது எவ்வளவு சரி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்கா மகன் ஆடும்போது ஒரு நாள் இரவு பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். மேட்ச் ஓடும்போது அவன் எதையும் தின்பதில்லை. தின்னவும் முடியாது. இரண்டு கட்டைவிரலும் ஸ்கிரீனில், ஆள்காட்டி விரல் இரண்டும் மேல் ஓரத்தில். தீனியெல்லாம் மேட்ச்சுக்கும் மேட்ச்சுக்கும் நடுவில். அடுத்த மேட்ச்சுக்குக் காத்திருக்கும் லாபியில் அறுபது நொடி எண்ணிக்கை ஓடும்போது மிக்சர் டப்பாவில் கை போகும். இரண்டு பிடி, மூன்று பிடி, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, எண்ணெய் விரலை டீஷர்ட்டில் துடைத்து, ஒரு மடக்கு எனர்ஜி டிரிங்க், அதற்குள் ஸ்கிரீனில் விமானம் கிளம்பிவிட்டது. ஒரு இரவுக்கு ஆறேழு லாபி. எத்தனை பிடி தின்றாய் என்று கேட்டேன். "கொஞ்சம்தான் மாமா" என்றான். டப்பா பாதி காலி. நூறு கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் ஏறத்தாழ 27 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு ஸ்பூனுக்குக் குறையாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாருடைய கணக்கிலும் வராமல் இது உள்ளே போகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் எடுத்துப் போட வேண்டியிருக்கிறது. டென்ஷனான மேட்ச் ஆடினால் இதயம் படபடக்கிறது, மூளை வேலை செய்கிறது, கலோரி எரியத்தானே செய்யும் என்று பல பையன்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். செஸ் வீரர்கள் ஒரே நாளில் 6000 கலோரி எரிக்கிறார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் பரவிய செய்தியும் இதற்குத் துணை. ஓய்வில் இருக்கும் உடம்பு செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது என்பது சரிதான். ஆனால் கடுமையாக யோசிக்கும்போது அது பெரிதாகக் கூடுவதில்லை. படபடப்பு அட்ரினலினால் வருவது. தசை அசையாமல் இதயம் மட்டும் வேகமாக அடித்தால் அது உடற்பயிற்சி ஆகாது. அசையாமல் பல மணி நேரம் உட்கார்ந்து தெளிவாக யோசிக்க உடம்பு ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் விஸ்வநாதன் ஆனந்த் போன்றவர்கள் உடற்பயிற்சியை விடாமல் செய்கிறார்கள்.

தீனிக்கு அடுத்தது தூக்கம். என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது, வீடுகளில் கடைசியாகப் பேசப்படுவதும் இதுதான். ஸ்பீகல் குழுவினர் 2004-இல் வெளியிட்ட சோதனையில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. நாக்கு இனிப்பையும் உப்பையும் மாவுப் பண்டங்களையும் தேடியது. சிகாகோவின் தசாலி குழு 2022-இல் வெளியிட்ட சோதனையில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. எடை கூடுதலாக உள்ள, ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேர். பாதிப் பேருக்குத் தூக்கத்தைக் கூட்ட ஆலோசனை சொன்னார்கள், உணவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வாரத்தில் அவர்கள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் உள்ளே போனதில் நாளொன்றுக்கு 270 கலோரி குறைந்தது.

270 கலோரியை நடந்து கரைக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கால் வலிக்க நடக்க வேண்டும். இங்கே போர்வைக்குள் படுத்தபடியே அது நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஆட்டத்தை முடித்துவிட்டு எட்டு மணிக்கு அலுவலக மீட்டிங்கில் உட்காரும் பையனிடம் "கேமைக் குறை" என்று சொல்வதைவிட "கேமை முன்னால் தள்ளு" என்று சொல்வது எவ்வளவோ பயன் தரும். அதே மூன்று மணி நேரத்தை இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை ஆடினால் அதன் விலையே வேறு. நண்பர்கள் பத்து மணிக்கு மேல்தானே வருகிறார்கள் என்பான். நான்கு பேர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது, அவர்கள் பேசி முடிவெடுக்க முடியாதது ஒன்றுமில்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். ஒல்லியாக இருப்பதும் திடமாக இருப்பதும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறவர்கள் அதிகம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012-இல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கிற அவர்கள், உடல் அளவுக்கு ஈடுகட்டிப் பார்த்தால், மேலைநாட்டு நகரவாசிகள் அளவே கலோரி செலவழித்தார்கள். உடம்பு ஓரிடத்தில் செலவழித்ததை இன்னோரிடத்தில் மிச்சம் பிடிக்கிறது. ஜிம்முக்குப் போயும் எடை இறங்கவில்லை என்று மனம் நொந்து நிறுத்திவிடும் இளைஞர்களிடம் இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். இடுப்பு பெரும்பாலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தீர்மானமாகிறது. இதயமும் ரத்தக் குழாயும் சர்க்கரையும் அசைவில் தீர்மானமாகின்றன. எடை இறங்காவிட்டாலும் நடந்த நடை வீண் போவதில்லை.

எவ்வளவு அசைந்தால் போதும்? எக்கலுண்ட் குழுவினர் 2016-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்தார்கள். நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு உள்ளவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாலும் அதனால் கூடும் மரண அபாயம் ஏறக்குறைய மறைந்துபோகிறது. பகலில் எட்டு மணி நேரம் அலுவலக நாற்காலி, இரவில் நான்கு மணி நேரம் கேம் என்று வாழ்கிறவருக்கு இது நல்ல செய்தி. அதே சமயம் 75 நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது தொடக்கக் கோடு. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நம்மவர்கள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

உட்கார்ந்த நேரத்தை நடுநடுவே உடைப்பது தனிக் கலை. ஆஸ்திரேலியாவில் டன்ஸ்டன் குழு 19 பேரை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனையில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. பிஜிஎம்ஐ-யில் பெரிய மேப் ஒன்று முழுதாக ஓடினால் அரை மணி. நடுவில் செத்துவிட்டால் கூட்டாளிகள் ஆடி முடிக்கும் வரை வேடிக்கை பார்க்கிற நேரம். பிறகு லாபி. ஆட்டத்துக்குள்ளேயே இடைவேளை தைத்து வைத்திருக்கிறது. அதை இப்போது மிக்சர் டப்பா பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து மருத்துவர்கள் 2003-இல் பதிவுசெய்த ஒருவரின் கதை போதும். வயது 32. கம்ப்யூட்டர் முன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினெட்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருந்தவர். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தானது. இது அரிது. ஆனால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே ஏறும் என்கிற எளிய பாடம் இதில் இருக்கிறது.

போட்டிக்காக ஆடுகிறவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அமெரிக்கா, கனடா கல்லூரி அணிகளின் 65 வீரர்களை விசாரித்து 2019-இல் வெளியான ஆய்வில் 40 விழுக்காட்டினர் எந்த உடற்பயிற்சியும் செய்யவில்லை. 42 விழுக்காட்டினருக்குக் கழுத்து, முதுகு வலி. மருத்துவரிடம் போனவர்கள் வெறும் இரண்டு விழுக்காடு. ஆனால் பின்லாந்து ஆய்வாளர்கள் காரியும் கர்ஹுலாத்தியும் 2016-இல் உயர்நிலை வீரர்கள் 115 பேரைக் கேட்டபோது, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சியில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி என்று பதில் வந்தது. இரண்டும் வீரர்கள் தாங்களே சொன்ன கணக்குகள். என்றாலும் உச்சிக்குப் போகிறவர்கள் உடம்பை ஒதுக்கிவைப்பதில்லை என்பதை நான் நம்புகிறேன். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கம் வழங்கியாகிவிட்டது. நம் பையன்கள் அந்த மேடையைக் கனவு காண்கிறவர்கள். கனவு காணும்போது அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் காணட்டும்.

கேமே உடற்பயிற்சியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்ற எண்ணமும் பழையதுதான். 1998-இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 2006-இல் வீ, 2010-இல் கினெக்ட், 2016-இல் போகிமான் கோ, 2019-இல் ரிங் ஃபிட் அட்வென்ச்சர். ஆய்வுக்கூடத்தில் அளந்தால் இவை உட்கார்ந்து ஆடுவதைவிட நிச்சயம் அதிகம் எரிக்கின்றன. வீட்டில்தான் சிக்கல். பரனோவ்ஸ்கி குழு 2012-இல் வெளியிட்ட சோதனையில் குழந்தைகளின் வீட்டுக்கே வீ-யும் துள்ளி ஆடும் கேம்களும் கொடுத்து 13 வாரம் பார்த்தது. சாதாரண கேம் வாங்கிப்போன குழந்தைகளைவிட அவர்கள் அதிகம் அசையவில்லை. போகிமான் கோ வந்த புதிதில் ஆடியவர்கள் முதல் வாரம் நாளுக்கு 955 காலடி கூடுதலாக நடந்தார்கள், ஆறாவது வாரத்தில் பழைய நிலை. பீட் சேபர் போன்ற ஆட்டங்களில் மனதார மூழ்கி வியர்த்து விறுவிறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்லதே. ஆனால் உட்கார்ந்து ஆடும் கேமை விரும்புகிறவன் கையில் அதை மாற்றாகத் திணித்தால் ஆறு வாரம்தான் தாங்கும்.

டெய்லர் நாடாவுக்குத் திரும்புகிறேன். எடை ஏறாமல் இடுப்பு மட்டும் எப்படி ஏறியது? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் லான்செட்டில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. நம் உடம்பு ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பைச் சேர்க்கும், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் நமக்குக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்றும், ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் வயிற்றுச் சுற்றளவு ஆபத்து என்றும் வைத்திருக்கிறார்கள். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் நாடு தழுவிய ஆய்வில் பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காட்டினருக்கு, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கு. அந்த இடைவெளிக்குள் நிற்பவர்கள் எடை மெஷினில் ஏறி நிம்மதியாக இறங்கிவிடுகிறவர்கள்.

டெய்லர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் நாடாவை வைத்து அக்கா மகனை நானே அளந்தேன். 88 சென்டிமீட்டர். அசையாத தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு உட்கார்ந்தால் மெஷின் முள் அசையாது. இதற்கு நடை மட்டும் போதாது. தண்டால், பஸ்கி, ஒரு ஜோடி டம்பெல் என்று தசையைத் தட்டி எழுப்ப வேண்டும், தட்டில் பருப்பும் முட்டையும் சுண்டலும் கொஞ்சம் கூட வேண்டும்.

கேமை விடு என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனமும் இல்லை. வேலைக்காக ஊர் ஊராகப் பிரிந்துபோன நான்கு பள்ளி நண்பர்கள் தினமும் பேசிச் சிரிக்கும் திண்ணை அது. அதனால் மிக்சர் டப்பா மட்டும் சமையலறைக்குப் போனது. மேஜையில் ஒரு சொம்பு தண்ணீர், பசித்தால் ஒரு கிண்ணம் வறுத்த கடலை, அதுவும் எண்ணி வைத்த ஒரு கிண்ணம். கடைசி மேட்ச் பதினொன்றரைக்கு என்று நான்கு பேரும் குரூப்பில் பேசி வைத்துக்கொண்டார்கள். லண்டன் நடத்துநர்களின் கதையைச் சொன்னபோது அவனுக்குப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு 18 படிகள். லாபிக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறான். ஆறு மாதத்தில் நாடா 85 சென்டிமீட்டர் காட்டியது, எடை அதே எடைதான்.

நேற்று ராத்திரி துணி எடுக்க மாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேலிருந்து மூச்சு வாங்க, காதில் ஹெட்போனோடு தடதடவென்று வந்தான். "மாமா, வழி விடுங்க, பன்னிரண்டு செகண்டுதான் இருக்கு."